சிஸ்டர் பதில்கள்: வலி இல்லை, அடைக்குது

மாரடைப்பு பற்றிக் கேள்விகள் அனுப்பலாம் என்று சென்ற இதழில் எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் ஐந்தை எடுத்துக்கொண்டேன். என்னைப் புதிதாகப் படிப்பவர்களுக்கு: பெங்களூரில் 1983 முதல் 2020 வரை நர்ஸாக வேலை பார்த்தேன். அதில் கடைசி 22 வருஷம் சிசியு என்கிற இதயத் தீவிர சிகிச்சைப் பிரிவு. முதல் கடிதம் ஒரு நர்சிங் மாணவியுடையது, கேர் பிளான் (ஒரு நோயாளியை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று நர்ஸ் எழுதும் திட்டம்) பற்றியது. அதற்குப் பதில் நீண்டுவிட்டது. நர்ஸ் அல்லாதவர்களும் அதைப் படியுங்கள். உங்கள் வீட்டு மனிதர் கட்டிலில் கிடக்கும்போது பக்கத்தில் நிற்கும் பெண் எதையெல்லாம் பார்த்துக்கொண்டு நிற்கிறாள் என்பது புரியும்.

கேள்வி: நான் பி.எஸ்சி. நர்சிங் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். முன்சுவர் மாரடைப்பு வந்த 52 வயது நோயாளிக்கு கேர் பிளான் எழுதிக் கொடுத்தேன். வலி, கார்டியாக் அவுட்புட் (இதயம் தள்ளும் இரத்தத்தின் அளவு) குறைவு, செயல்திறன் குறைவு, பயம், அறியாமை என்று புத்தகத்தில் உள்ள வரிசையிலேயே எழுதினேன். "இது உன் பேஷன்ட்டுக்கு எழுதினது இல்லை" என்று மேடம் இரண்டு தடவை திருப்பிக் கொடுத்துவிட்டார். எங்கே தப்பு என்று புரியவில்லை.
— மாணவி, ஹெப்பால்

என் பேத்தி வயசு இருக்கும் உனக்கு. அதனால் நீ என்றே எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே.

உன் கடிதத்தில் அந்த மனிதரைப் பற்றி எனக்குத் தெரிந்தது இரண்டே விஷயம்: வயசு 52, முன்சுவர். அவர் என்ன வேலை செய்கிறார், சர்க்கரை உண்டா, எந்தப் பாஷை பேசுகிறார், எத்தனை மணிக்கு வலி வந்து எத்தனை மணிக்கு ஆஸ்பத்திரி வாசலை மிதித்தார், ஊசியில் இரத்தக் கட்டியைக் கரைத்தார்களா ஸ்டென்ட் வைத்தார்களா, இன்று எத்தனையாவது நாள் என்று ஒன்றுமே இல்லை. உன் கேர் பிளானிலும் இதெல்லாம் இருந்திருக்காது என்று நினைக்கிறேன். மேடம் திருப்பியதற்குக் காரணம் அதுதான்.

ஒரு ராத்திரியைப் பற்றிச் சொல்கிறேன். 2006. கலாசிபாளையத்தில் லாரியில் மூட்டை ஏற்றுகிறவர், தர்மபுரிப் பக்கத்துக்காரர். சாயங்காலம் வந்தவருக்குக் கட்டியைக் கரைக்கும் ஸ்ட்ரெப்டோகைனேஸ் மருந்தை ஏற்றியிருந்தோம். அப்போதெல்லாம் அதுதான் வழக்கம். 15 லட்சம் யூனிட்டை ஒரு மணி நேரத்தில் மெதுவாக ஏற்ற வேண்டும். வேகமாகப் போனால் பி.பி. இறங்கிவிடும், அதனால் கட்டிலை விட்டு நகராமல் நிற்போம். மருந்து ஏறி முடிந்தது, ஈசிஜி நன்றாகத் திரும்பியது, எல்லோருக்கும் மூச்சு வந்தது. ராத்திரி டியூட்டியில் அவரைப் பார்த்துக்கொண்ட பெண் ஹாசன் ஊர்க்காரி, நல்ல பெண், வேலையில் கெட்டிக்காரி. மணிக்கு ஒரு தரம் போய் "நோவு இதெயா?" (வலி இருக்கா?) என்று கன்னடத்தில் கேட்டிருக்கிறாள். அவரும் இல்லை என்று தலையாட்டியிருக்கிறார். சார்ட்டில் வலி என்ற கட்டத்தில் வரிசையாக பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம்.

இரண்டு மணிக்கு ரவுண்ட்ஸ் போனேன். அவர் தூங்கவில்லை. இடது கை கட்டில் கம்பியைப் பிடித்திருந்தது, விரல் முட்டி வெளுத்துப் போகிற அளவுக்குப் பிடி. மேல் உதட்டில் வேர்வை முத்து முத்தாக நின்றது. ஏசி ஓடுகிற அறை, நானே ஸ்வெட்டர் போட்டிருந்தேன். "என்னய்யா பண்ணுது?" என்று கேட்டேன். "வலியெல்லாம் இல்ல தாயி. ஒரு கல்லத் தூக்கி நெஞ்சு மேல வெச்சாப்ல அடைக்குது" என்றார்.

ஈசிஜி எடுத்தோம். அதில் எஸ்டி என்கிற கோடு மறுபடி ஏறியிருந்தது, அதாவது திறந்த இதயக் குழாய் மறுபடி அடைபட்டுக்கொண்டிருந்தது. டாக்டரை எழுப்பி, கேத் லேப் (இதயக் குழாய் அடைப்பைத் திறக்கும் அறை) ஆட்களை வரவழைத்து, மூன்றரை மணிக்கு உள்ளே கொண்டுபோனார்கள். பிழைத்துக்கொண்டார். அந்தப் பெண் ஸ்டோர் ரூமில் நின்று அழுதாள். அவள் தப்பு இதில் என்ன இருக்கிறது? கேட்டாள், பதில் வந்தது, எழுதினாள். அந்த மனிதரிடம் "வலி" என்ற சொல் வேறு எதற்கோ இருந்தது. மூட்டை தூக்குகிறவருக்கு வலி என்றால் முதுகு, தோள், விரல் நசுங்கினால் வருவது. நெஞ்சில் வந்ததை அவர் அந்தப் பெயரால் கூப்பிடவில்லை.

அதற்குப் பிறகு என்னிடம் வந்த ஒவ்வொரு மாணவிக்கும் ஒரு பட்டியல் சொல்லிக் கொடுத்தேன். அடைக்குது, அழுத்துது, பாரமா இருக்கு, இறுக்குது, கரிக்குது, எரியுது, பிசையுது, ஒரு மாதிரியா இருக்கு, வாயு மேல ஏறுது. கன்னடக்காரப் பிள்ளைகளுக்கு இதைச் சொன்னேன். தமிழ்ப் பிள்ளைகளுக்கு "எதெ உரி" என்று கன்னட நோயாளி சொன்னால் அது வெறும் நெஞ்செரிச்சல் என்று விட்டுவிடாதே என்று சொன்னேன். பெங்களூர் வார்டில் ஒரு ராத்திரியில் தமிழ், கன்னடம், தெலுங்கு, உருது, இந்தி எல்லாம் கேட்கும். நெஞ்சுக்கு ஒவ்வொரு பாஷையிலும் ஒரு தனி அகராதி உண்டு.

ஆக உன் கேர் பிளானில் முதல் கட்டத்தில், "நோயாளி நெஞ்சு வலி இருப்பதாகக் கூறுகிறார்" என்று எழுதாதே. அவர் சொன்னதை அவர் சொன்னபடியே, மேற்கோள் குறி போட்டு எழுது. அதன் கீழே நீ கண்ணால் கண்டதை எழுது: வேர்வை, கை இருக்கும் இடம், முகத்தின் நிறம், நாடி, பி.பி., மூச்சு எத்தனை, ஆக்சிஜன் அளவு எத்தனை. அடுத்த டியூட்டிக்காரி அந்த வரியைப் படித்தால், "கல்லு இன்னும் இருக்கா ஐயா?" என்று கேட்பாள். அவருக்கும் புரியும்.

இப்போது வரிசைக்கு வருகிறேன். முதல் ஒரு மணி நேரத்துக்கு எழுதும் பிளான் வேறு, இரண்டாம் நாளுக்கு எழுதுவது வேறு. புத்தகம் இரண்டையும் ஒரே பக்கத்தில் போட்டுவிடுகிறது, அதில்தான் பிள்ளைகள் தடுமாறுகிறார்கள்.

நோயாளி வாசலில் நுழைந்து பத்து நிமிஷத்துக்குள் ஈசிஜி எடுத்து டாக்டர் கையில் இருக்க வேண்டும். ஸ்டென்ட் வைக்கும் ஆஸ்பத்திரி என்றால் 90 நிமிஷத்துக்குள் குழாய் திறக்க வேண்டும், ஊசியில் கரைப்பது என்றால் 30 நிமிஷத்துக்குள் மருந்து உள்ளே போக வேண்டும். நர்ஸின் கை இந்தக் கணக்கோடு ஓட வேண்டும். மானிட்டர் மாட்டு. ஷாக் கொடுக்கும் மிஷின் அதே அறையில், சார்ஜ் ஏறி இருக்கிறதா பார். ஊசிக்குழாயை இடது கையில் போடு, ஏனென்றால் வலது மணிக்கட்டு வழியாகத்தான் பெரும்பாலும் கேத் லேப்பில் உள்ளே போவார்கள். தசையில் ஊசி போடாதே, இரத்தம் இளகும் மருந்து போனபின் அந்த இடம் வீங்கிக் கறுத்துவிடும். ஆக்சிஜனை எல்லோருக்கும் மாட்டும் பழக்கம் எங்கள் காலத்தில் இருந்தது. இப்போது அளவு 90-க்குக் கீழே போனால்தான் தேவை என்கிறார்கள், வீணாக மாட்டாதே.

நாக்கின் கீழ் வைக்கும் மாத்திரை கொடுக்கச் சொன்னால் மூன்று விஷயம் பார். மேல் பி.பி. 90-க்கு மேலே இருக்கிறதா? அடிச்சுவர் மாரடைப்பா, அப்படியானால் வலது பக்க ஈசிஜி எடுத்தார்களா? வலது கீழறை பாதிக்கப்பட்டிருந்தால் அந்த மாத்திரையில் பி.பி. படுத்துவிடும். மூன்றாவது, ஆண்மைக்கான மாத்திரை ஏதாவது முந்தாநாளோ நேற்றோ இன்றோ போட்டாரா? சில்டனாஃபில் என்றால் 24 மணி நேரமும், டடாலஃபில் என்றால் 48 மணி நேரமும் அந்த நாக்கடி மாத்திரை கூடாது. இதை மனைவியும் மகனும் நிற்கும்போது கேட்டால் நம் ஊர் ஆள் ஒருவரும் உண்மை சொல்லமாட்டார். "அம்மா, கவுன்ட்டரில் இந்தப் பேப்பரைக் கொடுத்துட்டு வாங்க" என்று அந்த அம்மாவை அனுப்பிவிட்டு, குனிந்து, காதோடு கேட்க வேண்டும். நான் கேட்டு, ஆமாம் என்று கண்ணை மூடியவர்கள் உண்டு.

உன் நோயாளி இரண்டாம் நாளில் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். முன்சுவர் என்கிறாய். முன்சுவர் என்றால் பம்ப் பெரிதாக அடிபட்ட இடம். அப்போது வலி நின்றிருந்தால் முதலிடம் கார்டியாக் அவுட்புட்டுக்குத்தான். நீ என்ன பார்க்க வேண்டும்? நுரையீரலின் அடிப்பாகத்தில் ஸ்டெதஸ்கோப் வைத்தால் கரகர சத்தம் வருகிறதா, படுத்தால் இருமல் வருகிறதா, கால் ஜில்லென்று இருக்கிறதா, சிறுநீர் மணிக்கு எவ்வளவு. அவர் எடை 60 கிலோ என்றால் மணிக்கு 30 மில்லிக்குக் குறையக் கூடாது என்று எண்ணோடு எழுது. இதே நோயாளிக்கு அடிச்சுவர் மாரடைப்பாக இருந்தால் நான் முதலில் நாடி மெதுவாவதைப் பார்ப்பேன், நாடியை ஏற்றும் அட்ரோபினைக் கைக்கெட்டும் தூரத்தில் வைப்பேன். அங்கே மின்சாரப் பாதையில் தடை வருவதுதான் அதிகம். ஒரே நோய், சுவர் மாறினால் பிளான் மாறும். மேடம் தேடியது இதைத்தான்.

இலக்கு எழுதும்போது "நோயாளி சுகமாக உணர்வார்" என்று எழுதாதே. எப்போது, எவ்வளவு என்று எழுது. "அரை மணி நேரத்தில் அடைப்பு பத்துக்கு ஏழிலிருந்து இரண்டுக்குக் கீழே வரும், வேர்வை நிற்கும்." நடக்க வைப்பதற்கும் அப்படித்தான். "நாற்காலியில் 20 நிமிஷம் உட்காருவார், நாடி இருந்ததைவிட 20-க்கு மேல் ஏறாது, மேல் பி.பி. இறங்காது. இறங்கினால் திரும்பப் படுக்க வைப்பேன்." இப்படி எழுதினால் கடைசியில் உள்ள மதிப்பீட்டுக் கட்டம் தானாக நிரம்பும். மாணவிகளின் தாளில் அந்தக் கட்டம் எப்போதும் காலியாகவோ, "இலக்கு அடையப்பட்டது" என்ற ஒரே வரியாகவோ இருக்கும். எத்தனை மணிக்கு அடையப்பட்டது? அடையாவிட்டால் என்ன மாற்றினாய்? எனக்கு அந்தக் கட்டம்தான் முக்கியம், அங்கேதான் நீ நோயாளியிடம் திரும்பிப் போனாயா என்று தெரியும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், இதைப் பலர் எழுதவே மாட்டார்கள். மலம். மார்ஃபின் குடலைக் கட்டிவிடும், படுக்கையும் கட்டிவிடும். நம்மவர்கள் குத்தவைத்து உட்கார்ந்து பழகியவர்கள், கட்டிலில் பெட்பேன் வைத்தால் வெட்கத்தில் போகமாட்டார்கள். மூன்றாம் நாள் முக்குவார்கள், அல்லது யாரும் பார்க்காதபோது எழுந்து பாத்ரூமுக்குப் போவார்கள். முக்குவது இதயத்துக்கு நல்லதல்ல. பாத்ரூமில் மயங்கி விழுந்தவரைத் தூக்கி வந்திருக்கிறேன், அதனால் சொல்கிறேன். முதல் நாளே டாக்டரிடம் கேட்டு மலம் இளக மருந்து எழுதி வாங்கு. கட்டிலோரம் கமோட் நாற்காலி போட்டு, திரையை முழுக்க இழுத்து, நீ வெளியே நின்று பேச்சுக் கொடு. பெட்பேனில் படுத்துக்கொண்டு போவதைவிட நாற்காலியில் உட்கார்ந்து போவது இதயத்துக்குச் சுலபம்.

தாளை மேடத்திடம் கொடுப்பதற்கு முன் அவர் கட்டிலுக்குப் போய் ஒரு கேள்வி கேள்: "ஐயா, வீட்டுக்குப் போனா முதல்ல என்ன செய்யணும்னு நினைக்கிறீங்க?" அவர் சொல்லும் பதிலில் இருந்து பயமும் அறியாமையும் என்ற அந்தக் கடைசி இரண்டு தலைப்பையும் எழுது.

கேள்வி: என் வீட்டுக்காரர் ஆட்டோ ஓட்டுகிறார், 48 வயது. ராத்திரி நெஞ்சு அடைக்குது என்றார். கேஸ் என்று நினைத்து சோடாவும் ஓம வாட்டரும் கொடுத்தேன். விடிந்து கூட்டிப்போனால் மாரடைப்பு என்றார்கள். இப்போது நன்றாக இருக்கிறார், ஆனால் என்னால் தூங்க முடியவில்லை. கேஸா, ஹார்ட்டா என்று வீட்டிலேயே எப்படிக் கண்டுபிடிப்பது?
— வாசகி, ஸ்ரீராமபுரம்

கண்டுபிடிக்க முடியாது அம்மா. எனக்கும் முடியாது. 22 வருஷம் சிசியுவில் நின்றவள் சொல்கிறேன், ஈசிஜி இல்லாமல் என்னால் சொல்ல முடியாது. முதல் ஈசிஜி நன்றாக இருந்தாலும் சில சமயம் பதினைந்து, இருபது நிமிஷம் கழித்து மறுபடி எடுத்தால்தான் தெரியும். இதயத் தசை அடிபட்டால் இரத்தத்தில் வரும் டிரோபோனின் ஏறுவதற்கே சில மணி நேரம் ஆகும். மிஷினே இரண்டு தடவை பார்க்க வேண்டிய விஷயத்தை, ராத்திரியில் அடுப்படியில் நின்று நீங்கள் எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்?

என் அப்பா கோலார் தங்கவயலில் சுரங்கத் தொழிலாளி. 1979-ல் ஒரு சாயங்காலம் ஷிஃப்ட் முடித்து வந்தவர் தாடை வலிக்கிறது, கை மரத்துப்போகிறது என்றார். பக்கத்தில் இருந்த ஒரு கிளினிக்குக்குக் கூட்டிப்போனோம். வாயு என்று ஊசி போட்டு அனுப்பிவிட்டார்கள். அம்மா இஞ்சிக் கஷாயம் வைத்துக் கொடுத்தாள். விடியற்காலை நாலு மணிக்குப் போய்விட்டார். எனக்கு அப்போது 18 வயது. அம்மா சாகும்வரை அந்தக் கஷாயத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தாள். உங்கள் கடிதத்தைப் படித்தபோது அவள் குரல்தான் காதில் விழுந்தது. உங்கள் வீட்டுக்காரர் உயிரோடு இருக்கிறார். விடிந்ததும் கூட்டிப்போனது நீங்கள்தான். அதையும் கணக்கில் வையுங்கள்.

இனிமேலுக்குச் சொல்கிறேன். நெஞ்சிலோ, தாடையிலோ, தோளிலோ, மேல்வயிற்றிலோ அடைப்பும் பாரமும் பத்து நிமிஷத்துக்கு மேல் நின்றாலோ, கூடவே வேர்வையோ மூச்சு வாங்கலோ வாந்தியோ இருந்தாலோ, 108 கூப்பிடுங்கள். சர்க்கரை உள்ளவர்களுக்கும் பெண்களுக்கும் நெஞ்சு வலியே இல்லாமல், அசதியும் மூச்சு வாங்கலுமாக மட்டும் வரலாம். பெண்கள் சமையலை முடித்துவிட்டுச் சொல்லலாம் என்று இருப்பார்கள், அது வேண்டாம். நோயாளியை நடக்க விடாதீர்கள், மாடிப்படி இறங்க விடாதீர்கள். அவரையே ஆட்டோ ஓட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வரவிட்ட குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். முதல் ஒரு மணி நேரத்தில்தான் இதயம் திடீரென்று தாறுமாறாகத் துடித்து நின்றுபோகும் ஆபத்து அதிகம், அப்போது ஷாக் கொடுக்கும் மிஷின் பக்கத்தில் இருக்க வேண்டும். ஆட்டோவில் அது இருக்காது.

2021 அக்டோபர் 29 அன்று கன்னட நடிகர் புனித் ராஜ்குமார் 46 வயதில் போனபோது இந்த ஊரே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. ஈசிஜி எடுக்க ஜெயதேவா ஆஸ்பத்திரியில் வரிசை நின்றது. பிறகு கர்நாடக அரசு அவர் பெயரிலேயே ஹிருதய ஜோதி (இதய ஜோதி) என்ற திட்டம் கொண்டுவந்தது. தாலுகா ஆஸ்பத்திரியில் ஈசிஜி எடுத்துப் பெரிய ஆஸ்பத்திரி நிபுணருக்கு அனுப்பி, மாரடைப்பு என்றால் கட்டியைக் கரைக்கும் டெனெக்டிப்ளேஸ் ஊசியை அங்கேயே இலவசமாகப் போட்டு அனுப்புகிறார்கள். கோலார் பக்கம் உறவுக்காரர்கள் இருந்தால் சொல்லிவையுங்கள். பெங்களூர் வந்து சேரட்டும் என்று நெடுஞ்சாலையில் நேரத்தைத் தொலைக்க வேண்டாம்.

கேள்வி: நாக்கின் கீழ் வைக்கும் சார்பிட்ரேட் மாத்திரையை எப்போதும் பாக்கெட்டில் வைத்திருக்கிறேன். யாருக்காவது நெஞ்சு வலி என்றால் கொடுக்கலாமா?
— வாசகர், காக்ஸ் டவுன்

உங்களுக்கு டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தால் உங்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள், உட்கார்ந்துகொண்டு போடுங்கள். அடுத்தவருக்குக் கொடுக்காதீர்கள். பி.பி. ஏற்கனவே இறங்கியிருந்தால் அந்த ஒரு மாத்திரையில் ஆள் சாய்ந்துவிடுவார். முதல் பதிலில் மாணவிக்குச் சொன்ன மூன்று காரணங்களையும் படியுங்கள். ஆஸ்பிரின் வேறு விஷயம். அலர்ஜியோ வயிற்றில் இரத்தக் கசிவோ இல்லாதவருக்கு 300 மி.கி. அளவில் மென்று தின்னச் சொல்வார்கள். 108-ல் பேசும்போதே அவர்களிடம் கேட்டுவிட்டுக் கொடுங்கள். மென்று தின்ன வேண்டும், மெல்லாமல் அப்படியே முழுங்கக் கூடாது.

கேள்வி: தனியார் ஆஸ்பத்திரி ஐசியுவில் ஒரு வருஷமாக வேலை செய்கிறேன். மாரடைப்பு நோயாளி வந்தால் கூடவே எட்டுப் பேர் வந்து கதவைத் தட்டிக்கொண்டே இருக்கிறார்கள், கத்துகிறார்கள். வேலையே ஓடவில்லை. "பயம்" என்று கேர் பிளானில் எழுதுகிறோம், இவர்களை என்ன செய்வது?
— ஸ்டாஃப் நர்ஸ், பன்னேர்கட்டா ரோடு

அவர்களும் உன் பிளானில் உண்டு. நான் செய்தது இதுதான். முதல் பத்து நிமிஷம் முடிந்ததும் வெளியே வந்து, "இவருக்கு ரொம்ப வேண்டியவங்க யாரு?" என்று கேட்பேன். ஒருவர் முன்னால் வருவார். அவர் பெயரையும் போன் நம்பரையும் சார்ட்டில் எழுதிக்கொள்வேன். "இனி உங்ககிட்டதான் பேசுவேன். ஒன்பதரை மணிக்கு நானே வெளியே வந்து சொல்றேன்" என்று நேரம் சொல்லிவிட்டு உள்ளே போவேன். ஒன்பதரைக்கு, சொல்ல ஒன்றுமே இல்லாவிட்டாலும் வெளியே வருவேன். நேரம் சொன்னால் தட்டுவது நின்றுவிடும். சொன்ன நேரத்துக்கு வராவிட்டால் மறுபடி ஆரம்பிக்கும்.

"ஒண்ணும் இல்ல, பயப்படாதீங்க" என்று மட்டும் சொல்லாதே. அரை மணியில் நிலைமை மாறிவிட்டால் உன்னை அவர்கள் பிறகு நம்பமாட்டார்கள். நடப்பதைச் சொல்: "குழாய் அடைச்சிருக்கு, திறக்கக் கூட்டிட்டுப் போறாங்க, ஒரு மணி நேரம் ஆகும்."

கத்துகிறவரில் பாதிப் பேர் பணத்தை நினைத்துக் கத்துகிறார்கள். அதை உன்னிடம் சொல்லமாட்டார்கள். பிபிஎல் (வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கான) ரேஷன் கார்டு இருந்தால் ஆயுஷ்மான் பாரத் ஆரோக்கிய கர்நாடகா திட்டத்தில் குடும்பத்துக்கு வருஷத்தில் 5 லட்சம் வரை உண்டு. உங்கள் ஆஸ்பத்திரி அந்தத் திட்டத்தில் இருக்கிறதா என்று இன்றைக்கே தெரிந்துகொள். இருந்தால் அந்த உதவி மேஜை எந்த மாடியில், எத்தனை மணி வரை என்று கையிலே எழுதி வைத்திரு. காது கேட்காத மாதிரி நிற்கிற ஒரு மகனிடம் அதை மெதுவாகச் சொல்லிப் பார், அவன் தோள் இறங்குவது தெரியும்.

கேள்வி: அப்பாவுக்கு 67 வயது. மூன்று வாரம் முன்பு ஸ்டென்ட் வைத்தார்கள். "நல்லாத்தானே இருக்கேன்" என்று சில மாத்திரைகளை விட்டுவிடுகிறார். கருவாடும் ஊறுகாயும் இல்லாமல் சாப்பாடு இறங்காது என்கிறார். நான் ஒயிட்ஃபீல்டில் வேலைக்குப் போய்விட்டு ராத்திரிதான் வருகிறேன். எப்படிச் சமாளிப்பது?
— வாசகர், மர்ஃபி டவுன்

முதலில் எந்த மாத்திரையை விடுகிறார் என்று பாருங்கள். ஆஸ்பிரினும், அதோடு கொடுக்கும் குளோபிடோக்ரெல் அல்லது டிகாக்ரெலார் மாத்திரையும் ஸ்டென்ட்டின் உள்ளே இரத்தம் உறையாமல் காப்பவை. மாரடைப்புக்குப் பிறகு பொதுவாக ஒரு வருஷம் இரண்டையும் சேர்த்தே கொடுப்பார்கள். மூன்றாவது வாரத்தில் விட்டால் ஸ்டென்ட் மூடிக்கொள்ளும், அது முதல் மாரடைப்பைவிட மோசமாக வரலாம். பல் பிடுங்கப் போனால்கூட பல் டாக்டர் சொன்னார் என்று நிறுத்தக் கூடாது, இதய டாக்டரைக் கேட்டுத்தான். டிகாக்ரெலார் சிலருக்கு மூச்சு வாங்குகிற மாதிரி உணர்வு தரும். அதனால் விடுகிறாரா என்று கேட்டுப் பாருங்கள், டாக்டரிடம் சொன்னால் மாற்றித் தருவார்.

இரண்டாவது, அவருக்கு இங்கிலீஷ் படிக்க வருமா? டிஸ்சார்ஜ் தாளில் எல்லாம் இங்கிலீஷில்தான் இருக்கும். நானும் ஆரம்பத்தில் வாயால் சொல்லி, "புரிஞ்சுதா?" என்று கேட்டு அனுப்பிக்கொண்டிருந்தேன். புரிந்தது என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். பிறகு பழைய கல்யாணப் பத்திரிகைகளை வெட்டி அட்டை செய்தேன். ஒரு பக்கம் சூரியன், மறுபக்கம் பிறை. காலை மாத்திரை ஒவ்வொன்றிலும் ஒன்றை சூரியன் பக்கத்தில் செல்லோ டேப் போட்டு ஒட்டி, அது எதற்கு என்று தமிழில் ஒரு வரி: "ஸ்டென்ட் அடைக்காமல் இருக்க", "பி.பி.க்கு", "கொழுப்புக்கு". எழுதி முடித்ததும் அட்டையை அவர்கள் கையில் கொடுத்து, "இப்ப நீங்க எனக்குச் சொல்லிக் கொடுங்க" என்பேன். சொல்லத் தடுமாறுகிற இடத்தில்தான் வீட்டில் விடுவார்கள். நீங்களும் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து செய்யுங்கள். அப்பாவையே ஒட்டச் சொல்லுங்கள்.

உப்பு ஒரு நாளைக்கு எல்லாம் சேர்த்து 5 கிராம், அதாவது ஒரு டீஸ்பூன். கருவாடு, ஊறுகாய், அப்பளம் மூன்றும் அந்தக் கணக்கை ஒரே வேளையில் தாண்டிவிடும். ஆனால் 67 வயது மனிதரிடம் எல்லாவற்றையும் ஒரே நாளில் பிடுங்கினால் மாத்திரையையும் சேர்த்து விடுவார். அம்மாவிடம் சொல்லி குழம்பில் உப்பைப் பாதியாக்கி, புளியும் பூண்டும் மிளகும் கொஞ்சம் தூக்கலாக வைக்கச் சொல்லுங்கள். ஊறுகாயை முதலில் நிறுத்துங்கள், கருவாடு பிறகு. பீடி, சிகரெட் இருந்தால் அது மட்டும் இன்றே. அதில் பேச்சுவார்த்தை கிடையாது. சாயங்காலம் அல்சூர் ஏரிக்கரையில் திருவள்ளுவர் சிலை வரை நடக்கட்டும், முதலில் பத்து நிமிஷம், வாரத்துக்கு ஐந்து நிமிஷம் கூட்டி. பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகம் போதும். நெஞ்சு அடைத்தால் உட்கார வேண்டும், நடந்தே வீட்டுக்கு வந்துவிடலாம் என்று பார்க்கக் கூடாது.

சண்டை போடாமல் ஒரு வேலை செய்யுங்கள். இன்று ராத்திரி அவர் தூங்கியபின் மாத்திரைப் பையைத் திறந்து, ஒவ்வொரு பட்டையிலும் எத்தனை மிச்சம் என்று எண்ணுங்கள். வாங்கிய தேதியிலிருந்து கணக்குப் போட்டால் எது எத்தனை நாள் விட்டுப்போயிருக்கிறது என்று தெரிந்துவிடும். ஆஸ்பிரினோ அதன் ஜோடி மாத்திரையோ விட்டுப்போயிருந்தால் திங்கட்கிழமை வரை காத்திருக்காதீர்கள், ஸ்டென்ட் வைத்த ஆஸ்பத்திரிக்கு உடனே போன் போட்டு எத்தனை நாள் விட்டிருக்கிறார் என்று எண்ணோடு சொல்லுங்கள்.